சினை மாடும் எங்கள் கத்தியும்

"...மாடு என்ட மாடு, கத்தி உங்கட கத்தி. இனி என்னடா கதை?" என்று கேட்டுக்கொண்டே மாட்டுப் பட்டிக்காரர் தடியை ஓங்கினார்.

மனிதர் வாயிலிருந்து விழும் நல்ல பேச்சுகளைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பழக்கம். சாய்ந்தமருதில் என் சாரன் துணிக்கடைக்கு வருகிறவர்கள் பேரம் பேசுவதைவிட எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவனம். ஆனால் அடி விழப்போகும் நேரத்தில் இவ்வளவு அளந்தெடுத்த ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அதை ரசித்து முடிப்பதற்குள் தடி என் இடது காதோடு சேர்த்து விழுந்தது. அந்தக் காதில் இன்றைக்கும் ஒரு விசில் ஓயாமல் கேட்கிறது.

அங்கே எப்படிப் போய் மாட்டினோம் என்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நாலு பேர்: நான், ஒரு வேன்காரன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கல்முனைச் சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளி. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து புறப்பட்டு, பொத்துவிலுக்கு மேற்கே காட்டாற்றங்கரையில் இரண்டு நாள் சமைத்துத் தின்று குளித்துக் கிடப்பதுதான் திட்டம். கோழிகளை உயிரோடு கொண்டுபோனோம். அதனால் இறைச்சிக்கடைக்காரன் தன் கத்தியையும் எடுத்துக்கொண்டான்.

"கோழிக்கா இந்தக் கத்தி? யானைய அறுக்கப் போறியோ?" என்றார் வாத்தியார்.

"நீங்க பிரம்பில்லாம வகுப்புக்குள்ள போவீங்களா சேர்?" என்றான் அவன்.

சனிக்கிழமை காலையில் விறகு பொறுக்கப் போன வேன்காரன் வெறுங்கையோடு ஓடிவந்தான். "மச்சான், பத்தைப் புதருக்குள்ள ஒரு மாடு. பாக்கேலாமக் கிடக்கு."

உண்மையாகவே பார்க்க முடியவில்லை. காட்டுப் பன்றிக்கு யாரோ மோட்டார் சைக்கிள் கிளச் வயரில் கண்ணி வைத்திருக்கிறார்கள். அதில் பசுவின் முன்னங்கால் அகப்பட்டிருந்தது. இரவெல்லாம் இழுத்திருக்க வேண்டும். வயர் தோலையும் சதையையும் அறுத்து எலும்பில் போய் நின்றது, எலும்பும் முறிந்திருந்தது. பின்தொடையில் நரி கடித்துத் தின்ற பள்ளம். அதில் ஈக்கள் மொய்த்தன. மூச்சு கர்கர் என்று அறுந்து அறுந்து வந்தது.

கடைக்காரன் முழந்தாளிட்டு மாட்டின் கண்ணைத் தொட்டான். இமை மூடவில்லை. வயிற்றைத் தடவியவன் அப்படியே நிமிர்ந்தான்.

"சினை மாடு. நாள் முத்திட்டு. இது அஞ்சு நிமிசம் தாங்காது. அறுத்தவுடன வயித்தக் கிழிச்சா கண்டுக்குட்டியாவது தப்பும்."

"ஆர்ர மாடோ என்னமோ. கேக்காம எப்பிடிடா அறுக்கிற?" என்றார் வாத்தியார்.

"கேட்டுட்டு வாறதுக்குள்ள இது போயிரும் சேர். செத்தா ஹறாம், ஆரும் தின்னேலா. அறுத்தா உடையவனுக்கு இறைச்சியாவது மிஞ்சும்."

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த முறை. சாகக் கிடக்கும் மாட்டைக் கண்டவன் அறுத்துவிட்டு, உடையவனைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் மாடு அறுக்கிறவன் மாட்டுக் கள்ளன் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலாவதை மட்டும் நினைத்துக்கொண்டு நாங்கள் மாட்டின் தலையை மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திருப்பினோம்.

அவன் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தியை இழுத்தான். இரத்தம் என் முகத்தில் சுடச்சுட அடித்தது. கடைசி உதைப்பு அடங்கி அவன் கத்தியை வயிற்றுப் பக்கம் கொண்டுபோகும்போதுதான் பத்தையை விலக்கிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் பட்டிக்காரர், பின்னால் அவருடைய இரண்டு மகன்மார். மூத்தவன் கையில் கோடாரி.

அதன் பிறகு விழுந்த அடிகளை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கோடாரியின் பின்பக்கம் கடைக்காரனின் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தி விழுந்தது. பட்டிக்காரர் அதை மிதித்துக்கொண்டார். வேன்காரன் வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் இரத்தமும் ஒரு பல்லும் வந்தன.

"நான் கவர்மென்ட் வாத்தி!" என்று வாத்தியார் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"கவர்மென்ட் வாத்திக்குக் காட்டுக்குள்ள என்ன பாடம்?" என்று இளையவன் அவர் முதுகில் இன்னொன்று வைத்தான்.

"காலப் பாருங்க காக்கா! வயரப் பாருங்க!" என்று பட்டிக்காரரை அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினேன்.

"வயரும் நீங்கதான் கொண்டுவருவீங்க. போன மாசமும் ரெண்டு மாடு இப்பிடித்தான் போன. தலை மட்டும் கிடந்திச்சி."

பட்டிக்காரர் இடத்தில் நின்றால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூத்தவன் கடைக்காரனைக் கீழே தள்ளி நெஞ்சில் முழங்காலை ஊன்றியிருந்தான். ஆனால் கடைக்காரன் கண்ணோ கோடாரியைப் பார்க்கவில்லை.

"வயிறு! வயித்தப் பாருங்க!"

செத்த மாட்டின் விலாவில் தோல் உள்ளிருந்து எழும்பித் தாழ்ந்தது. குளம்பின் அச்சு நன்றாகத் தெரிந்தது. ஓங்கிய தடிகள் நின்றன.

"காக்கா, என்னய பொறகு அடிங்க. கொல்றதெண்டாலும் மறுகா கொல்லுங்க. அந்தக் கத்தியத் தாங்க. கண்டு மூச்சு முட்டிச் சாகப் போகுது" என்றான் கடைக்காரன்.

"குடுக்காதீங்க வாப்பா! வாங்கி நம்மளத்தான் குத்துவான்!" என்று மூத்தவன் கத்தினான்.

விலா மறுபடி அசைந்தது. இந்த முறை மெதுவாக. பட்டிக்காரர் கத்தியிலிருந்து காலை எடுத்து, மூத்தவனை எழும்பச் சொன்னார். குனிந்து கத்தியைப் பிடியைக் காட்டி நீட்டினார். மற்றக் கையில் தடி கடைக்காரன் பிடரிக்கு நேரே நின்றது.

"கண்டு செத்து வந்திச்செண்டா, நீயும் அதுக்குப் பக்கத்தில கிடப்பாய்."

வலது கை தொங்கியதால் இடது கையால் கிழித்தான். நனைந்த சாக்கைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். ஆவி பறந்தது. "பிடி! விரி!" என்று என்னை ஏவினான். நான் முழங்கை வரை சூட்டுக்குள் கையை விட்டுத் தோலை விரித்துப் பிடித்தேன். நீர்ப்பையைக் கீறி, பின்னங்கால்களைப் பற்றி இழுத்து, வழவழ என்று ஒரு கிடாரிக் கன்றை மண்ணில் போட்டான். நாக்கு நீலம். மூச்சு இல்லை.

"தலைகீழாத் தூக்குங்கடா!"

அதுவரை அடித்த இளையவனும் பல் போன வேன்காரனும் ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கினார்கள். மூக்கிலிருந்து சளிக்கயிறு வடிந்தது. கடைக்காரன் வாய்க்குள் விரல் விட்டு வழித்தான், விலாவில் அறைந்தான், ஒரு புல்லை ஒடித்து மூக்குத் துளைக்குள் விட்டுக் கிளறினான். ஒன்றுமில்லை. தடி இன்னும் உயர்ந்தே நின்றது. அவன் பின்னால் திரும்பிப் பார்க்காமல் மறுபடி அறைந்தான், மறுபடி புல்லை விட்டான்.

கன்று தும்மியது. காது இரண்டையும் உதறியது.

கடைக்காரன் அப்போதுதான் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே சாய்ந்து முனகினான். பட்டிக்காரர் வயர் இறுக்கிய காலையும், நரி தின்ற தொடையையும், கடைசியாக அவனையும் பார்த்தார்.

"ஆர் பெத்த புள்ளடா நீ?" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கட தேத்தண்ணிக் கேத்தல எடுத்திட்டு வாங்க. சுறுக்கா."

நான் ஆற்றங்கரைக்கு ஓடிக் கொண்டுவந்தேன். அவர் தடியை எறிந்துவிட்டு, எங்கள் பிளேன்டீயை மண்ணில் ஊற்றினார். செத்த மாட்டின் மடியருகே குந்தி, சாரன் தலைப்பால் இரத்தத்தைத் துடைத்து, சூடு ஆறுவதற்குள் கன்று குடிக்க வேண்டிய முதல் பாலை, மஞ்சள் மஞ்சளாகக் கட்டியான கடும்புப் பாலை, கேத்தலுக்குள் கறக்கத் தொடங்கினார்.