கடைசிப் பாட்டையும் கற்றுக்கொடுத்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பழசையெல்லாம் மறந்துவிட்டேன் என்று பெரிய மனுஷத்தனமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பத்து வருஷம் கிட்டார் வாசித்த பேண்டிலிருந்து என்னைக் கழற்றிவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. என் இடத்துக்கு வருகிறவனுக்கு என்னையே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். நானும் மடையன் மாதிரி சொல்லிக்கொடுத்தேன்.

தொண்ணூற்றைந்தில் பெரம்பலூரில் ஆரம்பித்தது அது. நானும், என்னோடு ஒரே பஸ்ஸில் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த ஒருவனும். அவன் பாடுவான், நான் கிட்டார். லெப்பைக்குடிகாட்டுக்காரன் ஒருவன் பேஸ் கிட்டாரோடு வந்து சேர்ந்தான். அவனுடைய மாமா துபாயிலிருந்து வரும்போது தோளில் மாட்டிக்கொண்டு வந்த கிட்டார் அது. டிரம்ஸுக்கு ஒருவன் கிடைத்தான். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். சாவியை வாங்கிக்கொள்வோம். பேஸ் கிட்டாரைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் மேசைகளில் இருக்கும் மெஷின்களின் மணியெல்லாம் லேசாகக் கிணுகிணுக்கும். எங்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை என்பது எங்கள் வீம்பு. எங்கள் பாட்டு, எங்கள் மெட்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் மேடை என்றால் திருவிழா, இல்லாவிட்டால் கல்யாணம். முதல் பாட்டு பிள்ளையார் பாட்டாக இல்லாவிட்டால் மைக்கையே தரமாட்டார்கள். அதனால் நாங்கள் சொந்தமாகப் போட்ட முதல் பாட்டே பிள்ளையார் பாட்டுதான். கிட்டாரில் மூன்றே கார்டு, நல்ல துள்ளல். செட்டிகுளத்தில் ஒரு பங்குனி உத்திரத்துக்கு அதை வாசித்தபோது ஜனம் தலையாட்டியது. இரண்டாவது பாட்டுக்கே முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார்.

"தம்பி, ரேடியோல வர்ற பாட்டு எதுவும் தெரியாதா உங்களுக்கு?"

"இது எங்க பாட்டுங்க ஐயா."

"உங்க பாட்டுன்னா உங்க வூட்ல பாடிக்குங்க. இங்க எங்க பாட்ட பாடுங்க."

கூட்டம் சிரித்தது. நாங்களும் சிரித்துக்கொண்டே நாலு பாட்டு முடித்துவிட்டுத்தான் இறங்கினோம். திரும்பி வரும் வழியெல்லாம் பாடுகிறவன் அந்தப் பெரியவர் மாதிரியே பேசிக்காட்டினான். அவனுக்கு அது நன்றாக வரும். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் கூடப் பிறந்தவனிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை.

மூன்று வருஷம் கழித்து லெப்பைக்குடிகாட்டுக்காரனுக்கு விசா வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தது, வியாழக்கிழமை கிளம்பிவிட்டான். சனிக்கிழமை எங்களுக்கு ஆண்டிமடத்தில் மேடை. "மாப்ள, மன்னிச்சிக்கடா, எங்க வாப்பா ஒரே பிடியா நிக்கிறாரு, இந்த விசாவ விட்டா வேற கெடைக்காதுன்னு" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆண்டிமடத்தில் பேஸ் இல்லாமல் வாசித்தோம். பாட்டெல்லாம் காலில்லாத கட்டில் மாதிரி ஆடியது. அவன் என்ன வாசித்தான் என்று எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. நோட்டேஷன் எழுதத் தெரிந்த ஆள் கிடையாது. பாட்டு எல்லாமே அவரவர் விரலில் இருந்தது. விரல் விமானம் ஏறிப்போய்விட்டது.

அப்போது நான்தான் ஒரு விதி போட்டேன். பேண்டை விட்டுப் போகிறவன் யாராக இருந்தாலும், தன் இடத்துக்கு வருகிறவனை எதிரே உட்கார வைத்து எல்லாப் பாட்டையும் கையில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றி முடித்ததும் புது ஆள் எல்லாவற்றையும் ஒருமுறை வாசிப்பான். போகிறவன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பான். திருப்தி என்றால் "எடுத்துக்க" என்று ஒரு வார்த்தை சொல்வான். அந்த வார்த்தை விழுந்த பிறகு பழைய ஆளுக்கு அந்த இடத்தில் உரிமை கிடையாது. அவன் டீ குடித்துவிட்டுப் போகலாம்.

விதி நன்றாகவே வேலை செய்தது. ஏழு வருஷத்தில் இரண்டு பேஸ், மூன்று டிரம்ஸ் மாறினார்கள். ஒருவன் போலீஸ் வேலைக்குப் போனான். ஒருவன் உடையார்பாளையத்தில் பெண் கட்டினான், மாமனார் மேடையேறக் கூடாது என்றுவிட்டார். எல்லோரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, "எடுத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். பாட்டு ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. மாறாமல் இருந்தது நானும் பாடுகிறவனும்தான்.

இதில் ஒன்றை மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. இரண்டாவது டிரம்ஸ்காரன் தானாகப் போகவில்லை. அவனுக்குத் தாளம் நிற்காது, போகப் போக ஓடும். அவனிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தோம். "மொதல்ல ஒருத்தனுக்குக் கத்துக்கொடுக்கச் சொல்லுவோம். சொல்றத அப்புறம் சொல்லிக்கலாம்" என்றான் பாடுகிறவன். நான் சரி என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றேன். அந்த டிரம்ஸ்காரன் ஒரு மாதம் ஒழுங்காக வந்து சொல்லிக்கொடுத்தான். கடைசி நாளில் அவனுக்கே விளங்கிவிட்டது. "எடுத்துக்க" என்று சொல்லி, எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, குச்சிகளை டிரம் மேல் வைத்துவிட்டுப் போனான்.

இதற்குள் எனக்கு ரெட்டிபாளையம் போகிற வழியில் ஒரு எடைமேடையில் வேலை கிடைத்திருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஏறி நிற்கும், எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். ஷிப்ட் வேலை. அரியலூரில் வீடு எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்தால் பிராக்டிஸ் போய்விடும். போதாக்குறைக்கு எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் இடது கைச் சுண்டுவிரலை நசுக்கிக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டது, விரல் மட்டும் பழையபடி நீளவில்லை. கிட்டார் வாசிக்கிறவனுக்கு அந்த விரல்தான் எட்ட முடியாததையெல்லாம் எட்டிப் பிடிக்கும்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. பழைய பாட்டுகளில் விரல் மாற்றிச் சமாளித்தேன். விரல் கெட்ட பிறகு போட்டது ஒரே பாட்டு, எங்கள் பன்னிரண்டாவது பாட்டு. லாரிக்காகக் காத்திருந்த ஒரு மத்தியானத்தில் வந்த மெட்டு. மூன்றாவது வரி முடிவில் கிட்டார் படி ஏறுகிற மாதிரி ஏறிப் போய், மேலே ஒரு சுரத்தில் நிற்க வேண்டும். அந்தக் கடைசிச் சுரம் என் விரலுக்கு எட்டவில்லை. அதற்கு ஒரு படி முன்பே விட்டுவிடுவேன். மீதியை மனசுக்குள் பாடிக்கொள்வேன். அங்கே ஒன்று குறைகிறது என்று பேண்டில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பாட்டுதான் எங்களைச் சென்னை வரைக்கும் கொண்டுபோனது. பாடுகிறவன் யாரையோ பிடித்து, யாரோ கேட்டு, பொங்கலுக்குப் பிறகு பன்னிரண்டு பாட்டையும் பதிவு செய்து கேசட் போடுவதாக ஒரு சின்னக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பத்து வருஷமாக நாங்கள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. மூன்று மாதம் முன்பே ஒரு வாரம் லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

"என்னங்க விசேஷம்? இத்தன நாளு முன்னாடியே கேக்குறீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"பாட்டு ரெக்கார்டிங் சார். மெட்ராஸ்ல."

"நீங்களா? சொல்லவே இல்லையே" என்று எழுந்து கைகொடுத்தார். அன்று முழுக்க டிரைவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிக்காட்டிச் சொன்னார்.

அடுத்த வாரம் பாடுகிறவன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவன், நல்ல கை. "உனக்கு ஷிப்ட் மாட்டுற அன்னைக்கு யாராச்சும் வேணும்லடா. ஸ்டெப்னி மாதிரி இருக்கட்டும். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து வை" என்றான்.

நாள் முழுக்க லாரிகளைப் பார்க்கிறவனிடம் ஸ்டெப்னி என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்? நல்ல யோசனை என்று நானே சொன்னேன். எங்கள் பேண்டில் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தை உண்டாக்கினவனே நான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானங்களில் என் வீட்டுக்கே வந்தான் அவன். மரியாதையான ஆள். என் மனைவி காபி கொடுத்தால் எழுந்து நின்று வாங்கிக்கொள்வான். இரண்டு மாதத்தில் பதினொரு பாட்டு முடிந்தது. பன்னிரண்டாவதை ஆரம்பித்த அன்று, கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, இதையும் முடிச்சிட்டா நீங்க எதிர்ல உக்காந்து கேட்டுட்டு 'எடுத்துக்க'ன்னு சொல்லணுமாமே. இன்னைக்கே சொல்லிடுவீங்களா, இல்ல அடுத்த வாரமா?"

"யாரு சொன்னா?"

"பாடுற அண்ணன்தான் சொன்னாரு. ஷிப்டு ஒத்து வரல, வெரலும் முடியல, நீங்களே வெலகிக்கிறீங்கன்னு. ரெக்கார்டிங்குக்கு டிக்கெட்டுகூட என் பேர்ல போட்டுட்டாங்களே." என் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேண்ணே."

விரல் விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பத்து வருஷம் பக்கத்தில் நின்றவன் பார்த்திருக்கிறான். பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்பட்ட இடத்தில் எடுத்துப் போட்டிருக்கிறான். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். "என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன்.

திரும்பி வந்தபோது அவன் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். போகச் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டாவது பாட்டு என் விரலில் மட்டும்தான் இருந்தது. அதைக் கொடுக்காமல் விட்டால் அவர்கள் கேசட் கந்தலாகிப் போயிருக்கும். குச்சிகளை வைத்துவிட்டுப் போன டிரம்ஸ்காரன் நினைவுக்கு வந்தான். அவன் ஒரு தாளத்தைக்கூட ஒளித்து வைத்துக்கொண்டு போகவில்லை.

"எடுப்பா கிட்டார" என்றேன்.

முழுப் பாட்டையும் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வரி முடிவை வாசித்துக்காட்டியபோது அவன் நிறுத்தினான். நல்ல காது அவனுக்கு.

"அண்ணே, இங்க மேல ஒண்ணு கொறையிற மாதிரி இருக்கே?"

பேண்டில் அதைக் கண்டுபிடித்துக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். ஆமாம், குறைகிறது, உன் விரலுக்கு எட்டும், நீ வாசி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் என்னிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும், இது ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. அற்பத்தனம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

"இல்லப்பா. அது அப்படித்தான்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் பன்னிரண்டையும் வாசித்தான். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். "எடுத்துக்க" என்றேன். அவன் என் காலைத் தொட வந்தான், தடுத்துவிட்டேன்.

மறுநாள் பாடுகிறவனைப் பெரம்பலூரில் அந்த மாடிப்படியிலேயே பிடித்தேன்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலடா. ஒரு தப்பு விழுந்தாலும் திருப்பித் திருப்பி எடுக்க அங்க நேரம் கெடையாது. ஒனக்கும் வெரல்..." என்று படியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நீ போட்ட ரூல்தானேடா" என்றான்.

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஒருவேளை இன்றைக்கு அவனோடு பேசிக்கொண்டிருப்பேன்.

அந்த லீவை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க எனக்கு வெட்கம். ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். வெளியே போனால் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று கடைக்குக்கூட மனைவியைத்தான் அனுப்பினேன். வேலைக்குத் திரும்பிய அன்று, "எப்படிங்க இருந்துச்சு மெட்ராஸு?" என்று கேட்டார். நல்லா இருந்தது சார் என்றேன். கேசட் வந்ததும் தனக்கு ஒன்று வேண்டும் என்றார்.

கேசட் வந்தது. நான் வாங்கவில்லை. அட்டையில் நாலு பேர் நிற்பதாக யாரோ சொன்னார்கள். பேஸும் டிரம்ஸும்கூடப் புது ஆட்களாம், நான் பார்த்தே இராதவர்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அது தொங்கும் கடைப் பக்கமே நான் போவதில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கார்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாவது பாட்டு. எஞ்சினை அணைத்த டிரைவர் இறங்கவில்லை.

"வாங்க, சீட்டு வாங்கிட்டுப் போங்க" என்றேன் ஜன்னல் வழியாக.

"ஒரு நிமிஷம் சார். இந்த எடம் வந்துரட்டும்."

மூன்றாவது வரி. கிட்டார் ஏறிப் போய், சட்டென்று விட்டுவிட்டது. அவன் அவ்வளவு சுத்தமாக வாசித்திருந்தான்.

"பாத்தீங்களா, எப்படி விட்டுட்டான்" என்றார் டிரைவர். "ஒவ்வொரு தடவையும் இங்க வந்தா எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது சார்."

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. எழுந்து லாரி பக்கத்தில் போனேன்.

"அங்க ஒண்ணு வரணும்ங்க. விட்டுப்போச்சு" என்று சொல்லி, அந்தச் சுரத்தை வாய்விட்டுப் பாடிக்காட்டினேன். அதை நான் வெளியே பாடியது அதுதான் முதல் தடவை.

அவர் ரிவைண்ட் செய்து அந்த இடத்தை மறுபடி போட்டார். நான் கூடவே பாடினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, என் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாகத்தான் சொன்னார்.

"வேணாம் சார். அது இல்லாம இருக்குறதுதான் நல்லாருக்கு."

சரிதாங்க என்றேன். உள்ளே வந்து எடையைப் பார்த்து, சீட்டு அடித்து, ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.