அமுதா அக்காவும் சாகாத பூனைகளும்

கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலைக் கூரையில் ஏர்கான் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஆபீஸ் முருகையா அண்ணன் போன் செய்தார்.

"டேய், நம்ம அமுதா அக்கா தவறிட்டாங்கடா."

"ஜோகூர்லயா? மக வீட்டுலயா?"

"ஜோகூர் இல்லடா. கிள்ளான் ஆஸ்பத்திரி. நாலு மாசமா."

நம் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் ஸ்டோர் பார்த்த அமுதா அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு நோய் என்பதும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. அதனால் இது நல்லபடியாக எழுதிய அஞ்சலியாக இருக்காது.

கம்ப்ரஸர் வரக் காத்திருந்த ஒரு நாள், அவர் மேசையில் கிடந்த ஆங்கில நாவலைப் புரட்டினேன். இங்கிலாந்துக் கிராமம், கொலை, துப்புத் துலக்கும் பூனை. சிரித்துவிட்டேன். "இத்தனை கொலை நடந்தா அந்த ஊர்ல ஆளே மிஞ்ச மாட்டாங்களே, அக்கா?"

"மிஞ்சினவங்க டீ குடிப்பாங்க லா. நீ படி."

படித்தேன். பத்தாம் பக்கத்தில் பிணம் விழுகிறது, ஆனால் ரத்தம் தெரிவதில்லை. யாரோ கேக் வெட்டுகிறார்கள். பூனை தடயத்தின் மேலேயே படுத்துத் தூங்குகிறது. கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பழுது கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருப்பவனுக்கு அது போதும். அக்காவுக்குப் பிடித்தது வேறு: "யாரு செத்தாலும் பூனை சாகாது தம்பி. அந்த தைரியத்துலதான் வாங்குறேன்."

அதிலிருந்து ஒவ்வொரு கதைக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்குவோம். பாதிக் கதையில் நிறுத்தி, கொலைகாரன் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். தோற்றவர் வடை வாங்க வேண்டும். ஒரு கதையில் கொலைகாரன் கடைசி அத்தியாயத்தில்தான் தலைகாட்டினான். அக்கா புத்தகத்தை மேசையில் எறிந்தார். "நம்மகிட்ட மறைச்சிட்டு முடிக்கிறது ஏமாத்து வேலை."

அதையேதான் எனக்குச் செய்தார். ஜோகூரில் மகளோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து விளையாடினார். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டார். நீங்களும் தலையாட்டினீர்கள்.

கிள்ளானில் அக்கா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது அவர் மகள் சொன்னார்: "அம்மாவால புத்தகத்தப் பிடிக்க முடியல. நான்தான் வாசிச்சேன். 'அவன்கிட்ட பேசும்போது மட்டும்தான் நான் நோயாளி இல்ல'ன்னு சொல்வாங்க."

சொல்லியிருந்தால் நான் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டிருப்பேன், டாக்டரோடு சண்டை போட்டிருப்பேன். அக்கா என்னைச் சரியாகத்தான் கணித்திருந்தார். அதற்காக மன்னித்துவிட முடியவில்லை.

போன வாரம் மூன்று நாள் அவரிடமிருந்து பதில் வரவில்லை. "ஜோகூர்ல ஜாலியா? படிக்க நேரமில்லைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்று அனுப்பினேன். அன்று மாலை பதில் வந்தது: "கோவப்படாத. போஸ்ட்மாஸ்டர்தான்."

நான் முழுக்கதையும் முடித்திருந்தேன். "தப்பு" என்று ஒரே சொல் அனுப்பினேன்.

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அவர் நினைவாக என்னிடம் இருப்பதும் அதுதான். உங்களில் ஒருவர் வாய் திறந்திருந்தால், வேறு சொல் அனுப்பியிருப்பேன்.