நான் விட்டுவிட்ட ஒன்றரைப் பக்கம்

ஐம்பதுகளின் நடுவில் சிராங்கூன் ரோட்டில் எங்களுக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. மசாலா அரைக்கும் கடையின் மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒத்திகை நடக்கும். காதல் வசனத்துக்கு நடுவே தும்மல் வரும். நாடகம் எழுதியவர் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். நான் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. ஆங்கிலம் தெரியும் என்பதற்காக என்னையும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி, நாங்கள் எந்த நாடகம் போட்டாலும் போலீஸ் அனுமதி வேண்டும். முழு நாடகத்தையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். மொழிபெயர்த்தவன் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட வேண்டும். பிடிக்காததைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். மேடையில் அந்தப் பிரதியில் உள்ளதை மட்டுமே பேசலாம். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து, இன்னொரு பிரதியில் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்து ஊரே இரண்டுபட்டுக் கிடந்த சமயம். கோப்பிக் கடையில் யாரோடு உட்காருகிறோம் என்பதை வைத்தே ஒருவனைச் சங்கத்து ஆள், கம்பெனி ஆள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். எனக்கு அது அலுத்துப்போயிருந்தது. நாடகம் எழுதிய நண்பருக்கு என்னைவிட அலுத்திருந்தது. அவருடைய நாடகத்தில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மனைவி, வீட்டு வாசலில் வந்து நிற்கும் சங்கத் தலைவரையும் கம்பெனிக் கங்காணியையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பாள். அவருக்குப் பாதி, இவருக்குப் பாதி, மொத்தம் மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்துக்காகத்தான் அவர் ஒரு வருஷமாக மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்.

தட்டச்சு செய்தபோது சங்கத் தலைவருக்கான திட்டு தடங்கலின்றி வந்தது. கங்காணியின் முறை வந்ததும் விரல் நின்றுவிட்டது. எனக்குச் சோறு போடுவது துறைமுகம். கீழே இருக்கப்போவது என் கையெழுத்து. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். பயந்துவிட்டேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போனேன்.

முத்திரை குத்திய பிரதி நாடகத்தன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. திரை தூக்க அரைமணி நேரம் இருக்கையில், அந்தப் பகுதியைப் போலீஸ் அடித்துவிட்டது என்று நண்பரிடம் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனைவி வேஷம் கட்டிய தையற்காரரிடம் போய் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வேறு எதையும் மாற்ற நேரமில்லை.

மேடையில் தையற்காரர் சங்கத் தலைவரைப் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு பழக்கதோஷத்தில் கங்காணி பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். முன்வரிசையில் அந்த விரல் பக்கத்தின் அடியில் காத்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள், மீதிப் பேர் எழுந்து போனார்கள்.

மறுநாளிலிருந்து நண்பர் கம்பெனி ஆள். போலீஸ் வெட்டிவிட்டது என்று அவர் சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை. அச்சகத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவரே பேச்சை நிறுத்திவிட்டார். கைதட்டியவர்கள் இன்னும் மோசம். அடுத்த நாடகத்திலும் சங்கத்தை இதேபோல வாங்கு வாங்கென்று வாங்கச் சொல்லி முதுகில் தட்டினார்கள். அவர் அதற்குப் பிறகு நாடகமே எழுதவில்லை. அறுபதுகளில் எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கின, அவர்மேல் ஒட்டிய பெயர் போகவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கும். சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து ஒரு காலையில், தேக்கா சந்தைக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் போலீஸ் முத்திரை குத்திய அந்தப் பழைய பிரதி, குழுவின் பெட்டியில் கிடந்து இப்போதுதான் அவர் கைக்கு வந்ததாம். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் மகள் அதை வாசித்துக் காட்டினாளாம். எந்தப் பக்கத்திலும் சிவப்புக் கோடு இல்லை. பக்க எண்களும் விடாமல் வருகின்றன. அவர் என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பயந்தது தப்பில்லண்ணே, எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றார். "பயந்த அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா மத்த பாதியையும் நானே வெட்டியிருப்பேன்."