கிரனேட் விழுந்தால் ஓடக்கூடாது

1. வந்தவர்கள் எழுந்து போனார்கள்

திருத்தங்கலில் நான் வேலை பார்த்த கடைக்கு முன்பக்கம் எஸ்.டி.டி. பூத், உள்ளே பிரவுசிங் சென்டர். டைப்பிங் தெரியும் என்பதால் என்னைச் சேர்த்தார்கள். பிராட்பேண்ட் வந்ததும் முதலாளி அண்ணாச்சி பின்னறையில் எட்டு கம்ப்யூட்டர்களை வரிசையாகப் போட்டு, ஆன்லைனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை ஏற்றினார். "இனிமே இதை நீதாம்மா பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே கேம் சீட்டு அடுக்குவதுதான்.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். யு.பி.எஸ். கத்தினாலே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். கடையைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். என்னைத்தான் குண்டுமழைக்குப் பொறுப்பாளராக்கினார் அண்ணாச்சி.

முதல் மாதமே சிக்கல். புதிதாக வருகிறவர்கள் மதுரை, சென்னைப் பக்கத்துப் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர்களோடு மோத வேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் சுடப்படுவார்கள். யார் சுட்டது, எங்கிருந்து சுட்டது, ஒன்றும் தெரியாது. செத்தபின் அடுத்த ரவுண்ட் வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு தடவை அப்படி உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

"வர்றவன்லாம் சாகத்தான் துட்டு குடுக்கானா? என்னத்தையாவது பண்ணும்மா" என்றார் அண்ணாச்சி.

நான் இணையத்தில் தேடித் தேடிப் படித்து, ஒரு கம்ப்யூட்டரைத் தனி சர்வராக்கினேன். அதில் எதிரிகள் எல்லாரும் பாட்கள். பாட் என்றால் கம்ப்யூட்டர் தானே ஆட்டிவைக்கும் பொய் ஆள். அவர்களுடைய குறியைக் கெடுத்து வைத்தேன். நம் ஆள் நம் ஆளைச் சுட்டால் உயிர் போகாதபடி ஃப்ரெண்ட்லி ஃபயரை நிறுத்தினேன். ‘பிராக்டிஸ் ரூம்’ என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். புதியவர்கள் முதலில் அதில்தான் ஆட வேண்டும்.

2. வாசலைப் பார்த்து ஓடிய கால்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. அன்று பிராக்டிஸ் ரூமுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஆலையில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தப்புச் செய்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். செத்த எதிரியின் துப்பாக்கி தரையில் கிடந்தால் எடுக்கமாட்டார்கள். "கீழ கெடக்கதைத் தொடக்கூடாதும்மா" என்பார்கள். அது ஆலையில் வெடிமருந்து அறையின் சட்டம். அதைப் பேசிப் பேசி மாற்றிவிட்டேன்.

இன்னொன்றுதான் மாறவில்லை. பாட் ஒரு அறைக்குள் கிரனேட்டை, அதாவது கையெறி குண்டை, வீசினால் எல்லாரும் அந்தக் கணமே வாசல் வழியாக வெளியே ஓடினார்கள். வெளியே வாசலையே குறிவைத்து இன்னொருவன் காத்திருப்பான். ஓடி வருகிறவனைச் சுட்டுவிடுவான். கேமில் கிரனேட் விழுந்தால் மூலையில் இருக்கும் பெட்டிக்குப் பின்னால் பதுங்கிவிட வேண்டும். பாதி உயிர் போகும். மீதி உயிரோடு சண்டை போடலாம்.

இதில் ரொம்பக் கஷ்டப்பட்டவர் கருப்பசாமி அண்ணன். என்னைவிட மூத்தவர், சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டாசு யூனிட்டில் வெடிக்குள் மருந்து செலுத்தும் வேலை. குறி அபாரம். அண்ணாச்சி மதுரைக் கடை ஒன்றோடு போட்டிக்குப் பேசியிருந்தார். எங்கள் கடை அணிக்கு இவரைத்தான் நம்பியிருந்தார். ஆனால் கிரனேட் விழுந்தால் போதும், ஆள் வெளியே இருப்பார்.

"எதுக்குண்ணே ஓடுறீக? இது பொய்க் குண்டு."

"தெரியுது தங்கச்சி. போர்மேன் மொத நாள்லயே சொல்லிருவாரு, பளிச்சுன்னு ஒண்ணு தெரிஞ்சா பொருளைப் பாக்காத, பக்கத்துல உள்ளவனைப் பாக்காத, வாசலைப் பாருன்னு. அது உள்ள போயிருச்சு."

நான் விடவில்லை. அவருக்கென்றே பாட்கள் திரும்பத் திரும்பக் கிரனேட் வீசும்படி அமைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பின்னால் நின்று "ஓடாதீகண்ணே, ஓடாதீக" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிறு அவர் ஓடவில்லை. பெட்டிக்குப் பின்னால் பதுங்கி, புகைக்குள்ளிருந்தே மூன்று பேரைச் சுட்டார். நான் கை தட்டினேன்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் காலு தானா நின்னுக்கிடுது தங்கச்சி."

3. பூத்தில் நின்ற பாண்டியம்மா

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மதியம், கல்யாணப் பத்திரிகை ஒன்றை டைப் செய்துகொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு சத்தம். எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யாரிடமும் என்ன என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. புகை சாத்தூர் ரோட்டுப் பக்கம் எழுந்தது.

பூத்தில் கூட்டம் முட்டியது. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆபீஸ் நம்பருக்குத்தான் அடிக்க வேண்டும். எல்லா லைனும் எங்கேஜ்டு. கூட்டத்தில் கருப்பசாமி அண்ணனின் மனைவி பாண்டியம்மா, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். அவர்கள் யூனிட்தான் என்று அதற்குள் யாரோ வந்து சொல்லிவிட்டார்கள்.

நான் ரிசீவரை வைத்து வைத்து எடுத்தேன். நான் தப்புத் தப்பாக நம்பரை அழுத்துவதைப் பார்த்து அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

"ஒண்ணும் ஆயிருக்காது மதினி. அவுக எப்பவும் மொத ஆளா ஓடிருவாக. கல்யாணமான புதுசுல வீட்டுல டியூப்லைட்டு டப்புன்னு வெடிச்சுச்சு. என்னைய அங்கனயே விட்டுட்டுத் தெருமுக்குல போய் நிக்காக. எம்புட்டு கேலி பண்ணுவோம் தெரியுமா!"

சொல்லிவிட்டுச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவள் நம்பியிருந்த ஒரே விஷயத்தை நான் ஞாயிறு ஞாயிறாக அழித்துக்கொண்டிருந்தேனே. கால் தானாக நிற்கிறது என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது? "ஆமா, ஓடிருப்பாக" என்றேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. கடவுளே, ஓடியிருக்கணும், ஓடியிருக்கணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி நம்பரை அழுத்தினேன்.

லைன் கிடைக்கவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் அவரே வந்து இறங்கினார். காலில் செருப்பில்லை, உள்ளங்கால் கிழிந்து ரத்தம். சட்டையெல்லாம் சாம்பல். பாண்டியம்மா அவர் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள், பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

நான் கேட்டது ஒன்றுதான். "ஓடுனீகளாண்ணே?"

"பக்கத்து ரூமு தங்கச்சி. பளிச்சுன்னுச்சு. அம்புட்டுதான் தெரியும். பெறகு பாத்தா கருவக்காட்டுக்குள்ள முள்ளுல நிக்கேன்."

நான் பின்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பக்கத்து ரூமில் இருந்த இரண்டு பேரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார்.

4. வே-பாயிண்ட்

மறுநாள் முதல் வேலையாக பிராக்டிஸ் ரூமின் மேப்பைத் திறந்தேன். பாட்கள் எங்கே நடக்கலாம், எங்கே நின்று காத்திருக்கலாம் என்பதற்கு மேப்பில் புள்ளிகள் வைத்திருப்பார்கள். வே-பாயிண்ட் என்று பெயர். வாசல்களுக்கு வெளியே இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். அதற்குப் பிறகு என் பிராக்டிஸ் ரூமில் கிரனேட்டுக்குப் பயந்து வெளியே ஓடி வந்த யாரையும் எந்தப் பொய் ஆளும் சுட்டதில்லை.

அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. "போட்டி வருதும்மா. கருப்பசாமிக்குப் பழையபடி சொல்லிக்குடு."

"மத்தது எல்லாம் சொல்லித்தாரேன் அண்ணாச்சி. அது மட்டும் முடியாது."

"வெளையாட்டு வேற, வேலை வேறன்னு அவனுக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். காலுக்குத் தெரியுமா?"

அண்ணாச்சி மறுபடியும் டீ குடிக்கப் போய்விட்டார். இத்தனை வருஷம் கழித்து, இன்று கேம் கம்பெனிகளில் புதியவர்களுக்கான பயிற்சி நிலைகளை அமைக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வருகிறவனுக்கு என்ன தெரியாது என்று மட்டும் பார்க்காதீர்கள். அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அது அவனுக்கு எதற்காகத் தேவை என்று கேட்டுவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

போட்டி நடந்தது. பின்னறையில் நிற்க இடமில்லை. கடைசி ரவுண்ட், நம் பக்கம் கருப்பசாமி அண்ணன் ஒருவர், மதுரைப் பக்கம் ஒருவன். அண்ணன் காலில் கட்டு இன்னும் இருந்தது. அறைக்குள் கிரனேட் வந்து விழுந்தது. "பெட்டிக்குப் பின்னால போ லே!" என்று அண்ணாச்சி அலறினார். அண்ணன் வாசலைப் பார்த்து ஓடினார். வெளியே காத்திருந்தவன் ஒரே குண்டில் சுட்டான்.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. கருப்பசாமி அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார்.

"காலு பேச்சுக் கேக்க மாட்டேங்குது தங்கச்சி."

"கேக்கவே வேண்டாம்ணே" என்றேன்.