இரண்டாவது பெட்டி

அந்த இசைக்குழுவில் அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய கொழுந்தன். அவனுக்கு அண்ணி என்றால் பாடகருக்கும் அண்ணி, கீபோர்டுக்காரருக்கும் அண்ணி, மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர்களுக்கும் அண்ணி. அவளைவிடப் பத்து வயது மூத்த வேன் டிரைவர்கூட வாய் கூசாமல் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் யாரையும் திருத்தியதில்லை. பேஸ் கிட்டார் வாசிக்கிற ஒரு குடும்பத்துப் பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுதான் உண்மை.

பகலில் அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. பதினான்கு வருஷமாகப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிய கை. பேஸ் அவள் கைக்கு வந்தது ஒரு விபத்து மாதிரிதான். குழுவில் முன்பு வாசித்தவர் வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் கிட்டாரைக் கொழுந்தன் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அது இவர்கள் வீட்டுப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஆறு மாதம் சும்மா நின்றது. ஒருநாள் தூசி தட்டப் போனவள் தடித்த கம்பி ஒன்றை விரலால் இழுத்துவிட்டுப் பார்த்தாள். அது 'தொம்' என்றது. இன்னொரு தரம் இழுத்தாள். அன்றைக்குச் சோறு தீய்ந்தது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

இரண்டு வருஷத்தில் மேடையில் நின்றாள். பாட்டுக் கேட்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு பேஸ் என்று ஒன்று வாசிக்கப்படுவதே தெரியாது. இருக்கும்போது கண்டுகொள்ள மாட்டார்கள். இல்லாவிட்டால்தான் பாட்டு ஏன் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது என்று தலையைச் சொறிவார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. சலவைக்கூட வேலையும் அப்படித்தானே. விரிப்பு வெளுப்பாக இருக்கும்வரை நோயாளிக்குச் சலவைக்காரி ஞாபகம் வராது.

வினை வந்தது இரண்டாவது பெட்டியோடு.

அதுவரை சத்தத்தைக் கூட்டித் தரும் ஒரு சின்ன ஆம்ப்பும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் போதுமானதாக இருந்தன. நூறு பேர் உட்காரும் அறைக்கு அது தாங்கும். ஆனால் குழுவுக்கு நல்ல காலம் பிறந்து பெரிய மண்டபங்களில் கூப்பிட ஆரம்பித்தார்கள். பாடகரின் குரலும் கீபோர்டும் மண்டபத்து ஸ்பீக்கர்கள் வழியாகப் போய்விடும். பேஸ் மட்டும் தன் பெட்டியையே நம்பிப் பிழைக்க வேண்டும். அதனால் அவள் இன்னொரு பெட்டி வாங்கினாள். பழையதுதான், ஆனால் திடமானது. விற்றவர் ஒரு சின்னச் சதுர பேட்டரியை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி ஒற்றிக் காட்டினார். காகிதக் கூம்பு 'டப்' என்று முன்னால் துள்ளியது. உயிரோடு இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள் என்றார்.

ஆம்ப்பிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போக ஒரு கேபிள் வேண்டும். கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் வயர்மேன். இருபத்தைந்து வருஷமாக ஊரில் பாதி வீடுகளுக்கு லைட் எரிய வைத்தவர். தன் பெண்டாட்டி ஒரு வயருக்காகக் கடை ஏறுவதா? வேலைத்தளத்தில் மிச்சமான நல்ல தடித்த கறுப்பு வயரைக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, இரண்டு முனையிலும் ஆம்ப்பிலும் பெட்டியிலும் செருகுகிற உலோகப் பின்னை ஈயத்தால் பற்றவைத்துக் கொடுத்தார். அதைக் கட்டி யானையையே இழுக்கலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

இரண்டு பெட்டியோடு முதல் நிகழ்ச்சி. முடிந்ததும் பாடகர் வந்து, அண்ணி, இன்றைக்கு உங்கள் சத்தமே வரவில்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியை ஒட்டி நின்ற அவள் காதுக்கு நன்றாகத்தான் கேட்டிருந்தது. அடுத்த நிகழ்ச்சியில் ஆம்ப்பின் சத்தத் திருகைக் கூட்டினாள். அப்போதும் நான்காவது வரிசைக்கு மேல் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்றாவதில் கருகும் வாசனை வரும்வரை ஏற்றினாள். கீபோர்டுக்காரர் வேனில் எல்லோர் காதிலும் விழும்படி, ஒரு பெட்டி இருந்தப்ப ஊரே அதிர்ந்தது, ரெண்டு வந்ததும் ஊமையாயிடுச்சு என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. பெட்டி இரண்டாகியும் சத்தம் குறைந்தால் குறை யாரிடம் இருக்கும்? வாசிக்கிறவளிடம்தான். முதலில் மற்றவர்கள் அப்படி நினைத்தார்கள். பிறகு அவளே நினைக்க ஆரம்பித்தாள். அதுதான் கொடுமை. சோடாவிலும் சுடுநீரிலும் ஊறி ஊறிக் கை செத்துவிட்டதோ என்று பயந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது நடுவில் நிறுத்தி விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பாள். நாற்பதை நெருங்கும் வயதில் கிடைத்த ஒரே சந்தோஷம் விரல் நுனி வழியாகவே ஒழுகிப் போகிறதே என்று ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை பாடகர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், அதனால் சுற்றி வளைத்தார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, அறுநூறு நாற்காலி போடும் மண்டபம், அது நன்றாக அமைந்தால் அந்தக் கம்பெனியின் எல்லா விழாவும் நமக்கு என்றார். இப்போதெல்லாம் கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஞாயித்துக்கெழம மட்டும் பாப்போம் அண்ணி. அன்னைக்கும் இப்படியேன்னா, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்குங்க."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தலையாட்டினாள். காபி கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சலவைக்கூடத்தில் அவளுக்கு ஜோடியாக ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். உலர்த்தி இயந்திரத்திலிருந்து வரும் பெரிய விரிப்பை எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து ஒரு உதறு உதற வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி ஒரே நேரத்தில் இறக்கினால் விரிப்பு காற்றை வாரிக்கொண்டு உப்பி, 'பட்' என்று அறை முழுக்கக் கேட்கும். சுருக்கமெல்லாம் ஓடிவிடும். புதுப் பெண்ணோ இவள் தூக்கும்போது இறக்கினாள், இவள் இறக்கும்போது தூக்கினாள். பாவம், உயிரைக் கொடுத்துத்தான் உதறினாள். விரிப்பு நடுவில் செத்த பாம்பு மாதிரி தொங்கியது. சத்தமே இல்லை.

சேர்ந்து தூக்கணும் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு பேர், இரண்டு பேரும் முழு பலத்தோடு, ஆனாலும் சத்தம் இல்லை. புதுப் பெண் பயந்துபோய், ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா அக்கா என்று கேட்டாள். ஆமாம், ரொம்ப நல்லாத் தப்பாச் செய்தாய் என்று சொல்லி இவள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தப் பெண் அதை இன்றுவரை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ தெரியாது.

சனிக்கிழமை காலையில் வீட்டுக் கூடத்தில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்பக்க வலைகளைக் கழற்றினாள். இரண்டு கேபிள்களையும் ஆம்ப்பிலிருந்து உருவினாள். கிட்டாரின் சுதி பார்க்கும் கருவியிலிருந்து பேட்டரியை எடுத்தாள். முதல் பெட்டியின் கேபிளில், பின்னின் நுனிக்கு பேட்டரியின் கூட்டல் முனை, பின்னின் தண்டுக்குக் கழித்தல் முனை. ஒற்றினாள். கூம்பு 'டப்' என்று முன்னால் துள்ளியது. இரண்டாவது பெட்டியின் கேபிள். அதே நுனி, அதே தண்டு. ஒற்றினாள். அங்கேயும் 'டப்' என்றது. காதுக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் கூம்பு உள்ளே போனது.

இன்னொரு தரம் செய்தாள். உள்ளே போனது. ஐந்தாறு தரம் செய்தாள். முதல் பெட்டி காற்றைத் தள்ளும் அதே நொடியில் இரண்டாவது பெட்டி காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. இவன் கொடுப்பதை அவன் வாங்கி விழுங்கிவிட்டால் ஜனங்களுக்கு என்ன மிஞ்சும்? அவள் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். கையில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதமாக ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து, காலங்காத்தால என்ன கூத்து என்றார். அவள் பேட்டரியை ஒற்றிக் காட்டினாள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. அவர் புருவத்தைச் சுருக்கினார். அவர் செய்த கேபிளின் இரண்டு பின்னையும் திருகித் திறந்து பார்த்தார்கள். இரண்டு வயரும் கறுப்பு. ஒரு முனையில் நுனிக்குப் போனது மறுமுனையில் தண்டுக்குப் போயிருந்தது.

"பல்புன்னா எந்த வயர் எங்க போனாலும் எரியும்ல?" என்றார், கொஞ்சம் குரலை உயர்த்தியே.

"இது பல்பு இல்லங்க."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று மாத அவமானத்தையும் பலமுறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தவள் மாதிரி கொட்டித் தீர்த்தாள். வேன் கிண்டல், கருகின வாசனை, குளியலறைத் தண்ணீர் எல்லாம் வெளியே வந்தன. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். வேலைக்குப் போகவில்லை. பற்றவைக்கும் கம்பியைச் சூடேற்றி, ஒரு வயரில் சிவப்பு நாடா சுற்றி, கேபிளைத் திரும்பச் செய்தார். செய்து முடித்ததும், நீயே ஒற்றிப் பார் என்று பேட்டரியை அவள் பக்கம் தள்ளினார். இரண்டு கூம்பும் ஒன்றாக வெளியே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெட்டிகளை இறக்கியபோது கீபோர்டுக்காரர் ஏற்கெனவே இடது கைக்குப் பேஸ் சத்தம் வைத்து முழக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தார், ஆனால் நிறுத்தவில்லை. அவள் வீட்டுக்காரர் நேரே பாடகரிடம் போனார். அவர் தப்பை ஒப்புக்கொண்டதாகக் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சொந்தத் தம்பியான டிரம்ஸ்காரன் கையில் குச்சியோடு வாயைப் பிளந்து நின்றான்.

"அவ கையில ஒண்ணுமில்ல தம்பி. தப்பு என்னுது. வயர மாத்திக் குடுத்துட்டேன், இப்ப சரி பண்ணிட்டேன்."

பாடகர் தர்மசங்கடத்தோடு சிரித்து, முதல் பாட்டில் தெரிந்துவிடும் அண்ணே என்றார். நம்பவில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கி, அறுநூறு நாற்காலிகளைத் தாண்டி, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பியது. முதல் பாட்டில் பேஸ் எட்டு தாளம் கழித்துத்தான் நுழையும். அந்த எட்டையும் அவள் எண்ணவில்லை, இதயம் எண்ணியது. ஆம்ப்பின் திருகைப் பழையபடி பாதி அளவில்தான் வைத்திருந்தாள். ஒன்பதில் விரலை இறக்கினாள்.

மேடைப் பலகை அவள் காலுக்குக் கீழே உறுமியது. டிரம்ஸ் இதுவரை தனியாக ஓடிக்கொண்டிருந்தது போலவும் இப்போதுதான் அதற்குத் தரை கிடைத்தது போலவும் இருந்தது. முதல் வரிசையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய அதிகாரி நிமிர்ந்தார். நடு வரிசைகளில் தலைகள் ஆடின. ஜன்னல் கண்ணாடிகள் சன்னமாக நடுங்கின. கடைசிச் சுவரோரம் அவள் வீட்டுக்காரர் ஒரு கையைத் தூக்கினார், பிறகு அதே கையால் தன் நெஞ்சில் பட் பட் என்று தட்டிக் காட்டினார். இங்கே வருகிறது, இதுவரைக்கும் வருகிறது. கொழுந்தன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை, அப்படியே வாசித்தாள்.

மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கீபோர்டுக்காரர் இடது கையை எடுத்துவிட்டார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்தார். ஐந்தாவது பாட்டுக்கு ஜனங்கள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு எழுந்து நின்று ஆடினார்கள்.

இடைவேளை விட்டதும் பாடகர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வாயில் வந்தது வேறு.

"அண்ணி, தயவுசெஞ்சு கொஞ்சம் கொறச்சுக்குங்க. என் குரலே எனக்குக் கேக்கல."

அவள் ஆம்ப்பைத் திரும்பிப் பார்த்தாள். திருகின் மேல் விரலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"நீங்க கொஞ்சம் ஏத்திப் பாடுங்க தம்பி."