எழுத்தில் வராத புகார்

முப்பத்தோரு வருடம் நகராட்சி சுகாதாரப் பிரிவில் இருந்தேன். புகை, சாக்கடை, கோழிப்பண்ணை நாற்றம் என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள். வாயால் சொன்னதை நான் புகாராகவே எடுத்துக்கொண்டதில்லை. எழுத்தில் வர வேண்டும், கையெழுத்தும் முகவரியும் இருக்க வேண்டும். அந்த ஒழுங்கை ஓய்வு பெற்ற பிறகும் நான் விடவில்லை.

ஓய்வுக்குப் பின் வீட்டின் பின்புறம் ரொட்டி சுட ஓர் அடுப்பு கட்டினேன். "கரண்ட்ல வேகுற ஓவன் ஒண்ணு வாங்கிக்குங்களே," என்றாள் மனைவி. விறகுச் சூட்டில் வேகும் ரொட்டியின் மேலோடு வேறு ரகம் என்று, நாலு யூடியூப் வீடியோ பார்த்த ஞானத்தோடு அவளுக்கு விளக்கினேன். கொத்தனார் செங்கல்லும் களிமண்ணும் வைத்து, பெரிய சட்டியைக் கவிழ்த்தாற்போலக் கட்டிக் கொடுத்தார். இடம் அவர் குறித்ததுதான். "நெருப்புன்னா அக்னி மூலைதானுங்க," என்று தென்கிழக்கில் நூல் பிடித்தார். வாஸ்துவில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மறுக்கவில்லை.

அந்த மூலையிலிருந்து எட்டடி தூரத்தில் கிழக்கு வீட்டின் படுக்கையறை ஜன்னல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் என்பது கோயமுத்தூரில் குழந்தைக்கும் தெரியும். இதே காரணத்தைக் காட்டி ஒரு பேக்கரிக்காரருக்கு நானே நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குத் தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் போட்டுப் பற்றவைப்பேன். இரண்டு மணி நேரம் எரிய வேண்டும். பிறகு தணல் கங்குகளை வெளியே இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்ப்பேன். மாவு உடனே கருகினால் சூடு அதிகம். பொன்னிறத்துக்கு வந்தால் ரொட்டியை உள்ளே தள்ளிப் பலகையால் வாயை அடைத்துவிடுவேன்.

பற்றவைத்த சிறிது நேரத்தில் கிழக்கு வீட்டு அம்மா மதிலோரம் வருவார்.

"ஏனுங்கண்ணா, இன்னைக்கு ரொட்டி போடறீங்களா?"

"ஆமாங்க அம்மணி."

"நெறைய நேரம் ஆகுங்களா?"

"பதினோரு மணிக்கு முடிஞ்சுரும்."

"சரிங்கண்ணா. ஆகட்டுங்க."

பிறகு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். அவர் ரொட்டிக்கு ஆசைப்பட்டுக் கேட்பதாக நான் வைத்துக்கொண்டேன். தட்டில் ஒரு ரொட்டி அனுப்புவோம். அந்தத் தட்டு வெறுமனே திரும்பியதில்லை. கச்சாயம், முறுக்கு, ஒன்றுமில்லையென்றால் நாலு எலுமிச்சம்பழமாவது அதில் இருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அவர் கேட்பது புகையைப் பற்றித்தான் என்று முதல் மாதமே எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கணவர் மில்லில் முப்பது வருடம் பஞ்சுத் தூசியில் நின்றவர். அவருடைய இருமல் எங்கள் கூடம்வரை கேட்கும். ஆனால் அவர்கள் எதையும் எழுதித் தரவில்லை. முறையீடு வராதவரை பிரச்சினையும் கிடையாது என்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடியில் ஒரு ஞாயிறு, அடுப்பை எரியவிட்டுவிட்டு உப்பு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். பக்கத்து டீக்கடை பெஞ்சில் கிழக்கு வீட்டுக்காரர் சென்னிமலைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் இன்ஹேலர். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"ரொட்டி வெந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. ஏன்?"

"இல்லீங்க, வெந்துருச்சுன்னா ஊட்டுக்குப் போலாமுன்னு."

ஞாயிறுதோறும் ஏழரை மணிக்கு அந்த அம்மாவே அவரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறாராம். டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன். யாரிடம் எதைக் கேட்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லாமல்.

"பக்கத்து ஊட்ல எப்படீங்க சொல்றது? நீங்களும் ஆசையா செய்யறீங்க."

வீட்டுக்கு ஓடினேன். இரண்டு குடம் தண்ணீரை எடுத்து அடுப்புக்குள் ஊற்றினேன். எரியும் விறகில் தண்ணீர் ஊற்றினால் என்னாகும் என்பதைப் பற்றி ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். வெள்ளைப் புகை பொங்கி, அந்த ஜன்னலை முழுசாக மூடியது. அன்று அவர் ஒரு மணிக்குத்தான் வீடு திரும்ப முடிந்தது.

என் மனைவி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு மனு எழுதி முத்திரை குத்திக் குடுத்தாத்தான் காது கேக்குமாட்ட இருக்குது."

மறுநாளே கொத்தனாரை வரவழைத்து அடுப்பை இடித்தேன்.

அடுத்த ஞாயிறு பால் வாங்கப் போனால், அதே பெஞ்சில் அதே போர்வை.

"அடுப்பே இல்லீங்களே. ஊட்டுக்குப் போலாமுங்க," என்றேன்.

"நாங்க ஒண்ணும் சொல்லலீங்களே. எங்களால இடிச்சுப்போட்டீங்களா?" அவர் முகம் சுண்டிவிட்டது. "எனக்கு இங்க காத்து நல்லா இருக்குதுங்க. அதுக்குத்தான் வாரேன். பொகைக்கு இல்லீங்க."

நான் வருத்தப்படக் கூடாதென்று அந்த மனிதர் ஈரக்காற்றில் உட்கார்ந்திருந்தார். உள்ளதைச் சொன்னால் எழமாட்டார் போலிருந்தது.

"அடுப்புல வெடிப்பு உட்டுருச்சுங்க. உங்களுக்காக இடிக்கலீங்க," என்றேன்.

"அப்படீங்களா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டு எழுந்தார். வீடு நூறடி தூரம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நானும் நின்றேன். கேட்டருகே வந்ததும் சொன்னார்: "வெடிப்புத்தானுங்களே. அதுக்கு இடிக்கோணுமுங்களா? மண்ணு வெச்சுப் பூசியிருந்தாலே போதுமுங்க. அருமையான ரொட்டி, உட்டுப்போடாதீங்க."