மாராத்தாளும் இரண்டு பட்டி நாய்களும்

மாராத்தாள் இறந்த செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. அவருடைய கணவர் சின்னச்சாமி பல்லடம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து, "ஊட்ல அவ போயிட்டாளுங்க" என்றார். இந்த வயதிலும் பனியன் கம்பெனியில் அவருக்கு ஷிப்டு நேரம். வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

அவருடைய ஊரான வீரபாண்டியில் இருப்பவர்களுக்கு மாராத்தாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரோடு நான் பட்ட ஓர் ஆண்டுப் பாடு சின்னச்சாமியைத் தவிர யாருக்கும் முழுதாகத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில் நான் அந்தப் பகுதியில் கால்நடை உதவியாளன். மாராத்தாள் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் காட்டில் நாற்பது செம்மறிகளும் சில வெள்ளாடுகளும் வைத்திருந்தார். நரித் தொல்லைக்காக இரண்டு நாய்க்குட்டிகளைக் ஆடுகளோடு பழகட்டும் என்று கண் திறக்கும் முன்பே பட்டிக்குள் விட்டு, வெள்ளாட்டுப் பாலில் வளர்த்தார். ஆண் செவலை, பெண் வெள்ளச்சி. ஏழு மாதத்தில் செவலை விளையாட்டாக ஓர் ஆட்டுக்குட்டியின் காதைக் கிழித்துவிட்டது. மருந்து போடப் போன நான், இந்த நாய் வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"பல்லு வந்த அளவுக்குப் புத்தி வரலீங்க டாக்டருங்க. வர்ற வரைக்கும் நான் பக்கத்துல இருந்துக்கறேனுங்க" என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் அப்படித்தான் அழைத்தார்.

சொன்னபடியே இருந்தார். மூன்று மாதம் காட்டைவிட்டு நகரவில்லை. செவலை குட்டிகளைத் துரத்தும்போதெல்லாம் எழுந்து போய் அதட்டிப் படுக்கவைத்தார். சொந்தத் தம்பி வீட்டுச் சீருக்குக்கூட வரவில்லை என்று சின்னச்சாமி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த கோடையில், பட்டப்பகலில், வெறிபிடித்த நரி ஒன்று வேலிக்குள் புகுந்தது. ஒரு வயது தாண்டியிருந்த அந்த இரண்டு நாய்களும் அதை ஆடுகளிடம் அண்டவிடவில்லை, கொன்றே போட்டன. ஆனால் இரண்டுக்கும் கடி பட்டிருந்தது. விலக்கப்போன மாராத்தாளின் கையிலும் நரியின் பல் கீறியிருந்தது. நான் போய் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் காயமில்லை. நாய்களுக்கு வெறிநோய் தொற்றியிருக்கும், கொன்றுவிட வேண்டும் என்று மாராத்தாளிடம் சொன்னேன்.

"காவலுக்கு நின்னதுக்குங்களா?" என்று மட்டும் கேட்டார்.

 ஆறு மாதம் தனித்தனியாகச் சங்கிலியில் வைத்துப் பார்க்கிறோம் என்று என் அதிகாரியிடம் மன்றாடி அனுமதி வாங்கினேன். ஏதாவது நடந்தால் பொறுப்பு என்னுடையது. சின்னச்சாமி கம்பெனிக்கு லீவு போட்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டார். மாராத்தாள் பதினான்கு நாளும் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். திரும்பி வந்து, வீங்கிய வயிற்றோடு, நீளக் கோலால் வட்டிலைத் தள்ளி நாய்களுக்குச் சோறு வைத்தார்.

ஐந்தாவது வாரம் செவலையின் தாடை தொங்கிவிட்டது. தண்ணீர் இறங்கவில்லை; வெறிநோய்தான். நான் துப்பாக்கிக்காரரை அழைத்து வந்தேன். "ஆடுகளுக்குச் சத்தம் கேக்க வேண்டாமுங்க" என்று மந்தையை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட்டு, மாராத்தாள் மட்டும் திரும்பி வந்தார். செவலையின் கண்ணுக்குப் படும்படி தள்ளி நின்றார். முடியும் வரை நின்றார்.

வெள்ளச்சிக்கு மீதி மாதங்கள் இருந்தன. நான் நாள் தவறாமல் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பல நாள் பார்க்கப் பயந்து, வழியிலேயே காலூன்றி நின்றிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துச் சங்கிலியைக் கழற்றினோம். வெள்ளச்சிக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் இடையில் பிறந்த ஆட்டுக்குட்டிகள் அதைக் கண்டு மிரண்டு ஓடின. மாராத்தாள் அதன் அருகில் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். இனி எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக்க வேண்டும்.

உங்களுக்குச் சலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"சலிச்சுத்தானுங்க போச்சு. அதுக்காகச் சோறு வெக்காம இருக்க முடியுங்களா?"

என் மனைவி படுக்கையில் விழுந்து இரண்டு ஆண்டாகிறது. காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு அறை வாசலில் சற்று நேரம் நின்றுவிடுகிறேன். சலிப்பாகத்தான் இருக்கிறது. அதை ஒத்துக்கொண்டு உள்ளே போக எனக்கு மாராத்தாளின் அந்த ஒரு வாக்கியம் இருக்கிறது.